மூன்றாவது கொக்கிக்கு மேலே

போன வாரம் உன் அம்மா ஃபோன் செய்தார்கள். "அவ பை ஒண்ணு பரண்ல கெடக்கு தாயி. உள்ள கயிறும் கொக்கியுமா இருக்கு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீ வந்து எடுத்துட்டுப் போயிரு" என்றார்கள். அன்று மாலையே போய் எடுத்து வந்தேன். வீட்டுக்கு வந்து ஜிப்பைத் திறந்ததும் அந்த வாடை அடித்தது. ரப்பரும், கை வேர்க்காமல் இருக்கத் தடவிக்கொள்ளும் வெள்ளைப் பொடியும், காய்ந்த வேர்வையும் கலந்த வாடை. ஒரு நிமிடம் நீ அறைக்குள் வந்துவிட்டாய் என்றே தோன்றியது.

பிறகு உன் ஷூவை வெளியே எடுத்து என்னுடைய ஷூவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன்னுடையது பெருவிரலுக்கு அடியில் மட்டும், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தேய்ந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் கடையில் வாங்கியதுபோல இருக்கிறது. என்னுடையது மூக்கு உரசி, ஓரம் கிழிந்து, இரண்டு முறை ரப்பர் ஒட்டியும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. பாறையில் ஒரே தடவையில் சரியான இடத்தில் கால் வைக்கிறவளுக்கு அப்படித் தேயும். வைத்து, வழுக்கி, மறுபடியும் தேடி வைக்கிறவளுக்கு இப்படித் தேயும்.

நீ போய் ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது. உன் ஷூவைப் பார்த்ததும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பொறாமைதான் வந்தது. அழுகை அதற்குப் பின்னால் வந்தது, அதுவும் உனக்காகவா எனக்காகவா என்று தெரியாமல்.

உன்னிடம் உயிரோடு இருக்கும்போது சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அன்று நீ கேட்ட இடி எனக்கும் கேட்டது.

ஆறாம் வகுப்பிலிருந்து நாம் ஒரே பெஞ்ச். படிப்பில் நான்தான் முதலில் வருவேன். நீ நான்காவதோ ஐந்தாவதோ வந்துவிட்டு, என் மார்க்கைப் பார்த்து, "கெட்டிக்காரிடி நீ" என்று மனதாரச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவாய். அந்த ஜெயிப்பு எனக்கு ஒருநாளும் ருசித்ததில்லை. தோற்றதற்காக நீ ஒருமுறையாவது முகம் சுளித்திருந்தால் எனக்கு வயிறு நிறைந்திருக்கும்.

பாறை ஏறுவதை நம் வட்டத்தில் ஆரம்பித்தவள் நான். அதை இப்போதும் அழுத்திச் சொல்கிறேன். முப்பத்தைந்து வயதில், பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பட்டாசு லேபிளுக்கு எழுத்து வடிவமைத்து முதுகு வளைந்துபோன நேரத்தில், மதுரையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். கயிறு வாங்கினேன். பேப்பர் கட்டிங் மெஷினில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் கண்ணனை விரட்டி விரட்டி, ஏறுகிறவர் விழாமல் கீழிருந்து கயிறு பிடிக்கக் கற்றுக்கொள்ள வைத்தேன். எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் சேகரண்ணன் வந்தார். பள்ளிக்கூடத்து டீச்சர் ஜெயா வந்தாள். கடைசியாகத்தான் உன்னைக் கூப்பிட்டேன். "வாடி, சும்மா கீழ உக்காந்து வேடிக்கையாவது பாரு" என்று சொன்னது நான்தான்.

மூன்றே மாதம். நான் இரண்டு வருடமாகத் திணறிக்கொண்டிருந்த பாறையில் நீ பேசிக்கொண்டே ஏறினாய். "கையால தொங்காதடி, காலால ஏறு. மாடிப்படி ஏறையில கையாலயா ஏறுவ?" என்று மேலிருந்து எனக்கே சொன்னாய். நான் காசு கட்டிக் கற்றது உனக்கு இயல்பாக வந்தது. அதன்பிறகு யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. எந்தப் பாறை, எத்தனை மணிக்குக் கிளம்புவது, யார் முதலில் ஏறுவது, எல்லாம் உன்னிடம்தான். கண்ணனும்கூட. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, "அவுக சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்" என்பார். அவர் அதில் எந்தக் கெட்ட எண்ணமும் வைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பதினோரு வருடக் கல்யாண வாழ்க்கையில் என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. அவர் அப்படிச் சொன்னதற்கு மறுநாளெல்லாம் குழம்பில் உப்பு கூடிப்போகும்.

நம் ஊரில் நமக்கு லீவு கிடைப்பதே தீபாவளிக்குப் பிறகுதான். பட்டாசுக் கம்பெனிகள் மூடியிருக்கும். பிரஸ்ஸில் காலண்டர் வேலைக்கு நடுவே நாலு நாள் மூச்சு விடலாம். ஆனால் அதுதான் மழை பிடிக்கிற நேரமும். தீபாவளி வரைக்கும் மழை வந்துவிடக் கூடாது என்று ஊரே சாமி கும்பிடும். முடிந்த மறுநாளே வானம் அந்த வேண்டுதலை மறந்துவிடும். அந்த வருடம் வியாழக்கிழமை வரை தூறிக்கொண்டே இருந்து, வெள்ளி சனி இரண்டு நாள் வெயில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனை எடுத்துக்கொண்டு ஐந்து பேரும் காரியாபட்டிப் பக்கம் இருக்கும் அந்த மொட்டைப்பாறைக்குக் கிளம்பினோம்.

வேனில் நான் யாருடனும் அதிகம் பேசவில்லை. கடைசி நாற்பது அடியை நான்தான் முதலில் ஏற வேண்டும் என்று முந்தின வாரமே பேசி வைத்திருந்தோம். முதலில் ஏறுகிறவளுக்கு மேலிருந்து கயிறு கிடையாது. மதுரைப் பயிற்சிக்காரர்கள் முன்பே பாறையில் அடித்து வைத்திருந்த இரும்பு வளையங்களில் ஒவ்வொன்றாகக் கொக்கியை மாட்டி, அதில் தன் கயிற்றைக் கோத்துக்கொண்டே ஏற வேண்டும். வழுக்கினால், கடைசிக் கொக்கிக்கு மேலே எவ்வளவு ஏறியிருக்கிறாளோ, அதற்குக் கீழேயும் அதே தூரம் விழ வேண்டும். அந்த உச்சியைக் கயிற்றோடு முதலில் தொட்டவள் நம்மில் நீ ஒருத்திதான். அடுத்தது நான் என்று ஒரு மாதமாக மனதுக்குள் ஏறிக்கொண்டே இருந்தேன். தூக்கத்திலும் விரல் மடங்கும்.

பாறையின் பாதியில், வேன் நிறுத்தலாம் போல அகலமான ஒரு திட்டு. ஐவரும் அதுவரை ஏறினோம். சேகரண்ணனும் ஜெயாவும் அங்கேயே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். கண்ணன் அவர்களோடு இருந்துகொண்டார். நீ முன்னாலும் நான் பின்னாலுமாக அதற்கு மேலே இருக்கும் சின்னத் திட்டுக்குப் போனோம். இரண்டு பேர் நிற்கத்தான் இடம். நடுவில் பாறை வயிறு தள்ளி நிற்பதால் கீழே இருப்பவர்களுக்கு நம்மைத் தெரியாது, நாம் பேசுவதும் கேட்காது.

அங்கே நான் ஷூவின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது நீ தலையைச் சாய்த்து நின்றாய்.

"காத்து நின்னுருச்சு பாத்தியா?" என்றாய்.

"அதுக்கென்ன?"

"இடி சத்தம் கேட்டுச்சு. தூரத்துல. இறங்கிருவோம்டி."

நாம் நின்றது மேற்கு முகம். மழை வருவது கிழக்கிலிருந்து, பாறைக்கு முதுகுப்புறம். நம் தலைக்கு மேலே வானம் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் உனக்கு அது தொழில். எம். புதுப்பட்டியில் நீ சூப்பர்வைசராக இருந்த பட்டாசுக் கம்பெனியில், இடி காதில் விழுந்ததும் மணியடித்து எல்லா அறையிலிருந்தும் ஆட்களை வெளியே கொண்டுவருவது உன் பொறுப்பு. மற்றவர்கள் கேட்பதற்கு முன்னால் உனக்குக் கேட்கும்.

அன்று எனக்கும் கேட்டது. தூரத்தில் தகரத்தை இழுப்பது போல ஒரு சத்தம். தெளிவாகக் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றேன்.

"சொன்னாக் கேளு. பாறை எங்கயும் போயிறாது. அடுத்த வாரம் வருவோம்."

"அடுத்த வாரம் எனக்குக் காலண்டர் ஆர்டர் இருக்கு. நீ ஏறும்போது மட்டும் வானம் நல்லா இருக்கும், நான் ஏறப்போனா இடி இடிக்குதாக்கும்?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "என்னடி பேசுற?"

"ஒருத்தி மட்டும் ஏறுனாத்தான பேரு. ரெண்டு பேரு ஏறிட்டா அதுல என்ன இருக்கு? அதுக்குத்தான இம்புட்டும்."

இருபத்தைந்து வருடச் சிநேகிதத்தில் முதல் தடவையாக உன் முகம் வாடி நான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் நான் ஆசைப்பட்ட முகச்சுளிப்பு அது. கிடைத்தபோது சந்தோஷமாக இல்லை. இருந்தாலும் நான் நிறுத்தவில்லை. நீ கயிற்றை எடுத்து உன் இடுப்புப் பட்டையில் கோத்தாய். "சரி. ஏறு. நான் பிடிக்கிறேன்" என்றாய்.

முதல் கொக்கி மாட்டினேன். இரண்டாவது மாட்டினேன். மூன்றாவது மாட்டியபோது வெளிச்சம் மஞ்சளாக மாறியது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்தான் அந்தப் பாறையில் கைப்பிடியே கிடையாது, காலை நம்பிப் போக வேண்டிய இடம். அங்கே நான் நிற்கும்போது உச்சியின் விளிம்பைத் தாண்டி மேகம் எட்டிப் பார்த்தது. கறுப்பு என்று சொல்ல முடியாது, ஊமைக்காயம் பட்ட தோல்போல நீலம். அடுத்த நொடி மழை. தூறலாக ஆரம்பிக்கவில்லை, குடத்தைக் கவிழ்த்ததுபோல விழுந்தது. வியாழக்கிழமை மழைக்குப் பிடித்து வெயிலில் காய்ந்து கிடந்த பாசி, தண்ணீர் பட்டதும் உயிர் பெற்று வழவழத்தது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. மின்னல் வெட்டியது. நீ கீழிருந்து, "கண்ண மூடாத! என்னப் பாரு! ஒரு காலக் கீழ வையி!" என்று கத்தினாய். வைத்தேன். அந்தக் கால் இருந்த இடத்தில் இல்லை.

எவ்வளவு தூரம் விழுந்தேன் என்று தெரியாது. பதினைந்து அடி இருக்கலாம். கயிறு இழுத்துப் பிடித்தது. நனைந்த கயிறு உன் கைக்குள் வழுக்கி ஓடியது, நீ விடவில்லை. நான் விழுந்த வேகத்தில் உன்னைத் தூக்கிப் பாறையில் அடித்திருக்கிறது. உன் தோள்பட்டை மோதிய சத்தம் மழைக்குள்ளும் எனக்குக் கேட்டது. பிறகு நீ கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டு என்னைத் திட்டுக்கு இறக்கினாய். அங்கிருந்து என்னை முதலில் அனுப்பிவிட்டு, நீ கடைசியாகப் பெரிய திட்டுக்கு வந்தாய்.

வந்ததும் அடிபட்டவள் போலவே நடந்துகொள்ளவில்லை. "இரும்பெல்லாம் கழட்டி அங்கிட்டுத் தள்ளி வைங்க. பாறையில சாயாதீக. ஆளுக்கு ஆள் தள்ளி, பைமேல குத்தவச்சு உக்காருங்க" என்று கம்பெனியில் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாய். முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பாறை முழுக்க அருவியாகத் தண்ணீர் ஓடியது. ஜெயா கந்தசஷ்டிக் கவசத்தைத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பல் கிட்டி எனக்குத் தாடை வலித்தது.

மழை விட்டுக் கீழே இறங்கி, தரையில் கால் வைத்ததும் கண்ணன் கேட்டார். "இடி இடிக்கையில யாரு ஏறச் சொன்னது?"

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் நீ சொல்லிவிட்டாய்.

"நான்தேன். அந்தப் பக்கமாப் போயிரும்னு நெனச்சேன். தப்புத்தேன்."

சேகரண்ணன் விடவில்லை. "படிச்சு வெவரம் தெரிஞ்சவுக செய்யிற வேலையா இது? ஒரு உசுருக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? ஆச இருக்கலாம், அறிவும் இருக்கணும்ல?" என்று வைதார். நீ தலையைக் குனிந்து நின்றாய். நான் ஈரத் தலைமுடியைப் பிழிந்துகொண்டு நின்றேன். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை.

காரியாபட்டியில் டீக்கடையில் நிறுத்தினோம். நீ டம்ளரை இடது கையில் பிடித்திருந்தாய். வலது உள்ளங்கையில் தோல் உரிந்து சிவப்பாகப் பளபளத்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டாய். மற்றவர்கள் வேனுக்குப் போனபின், "விடுடி. நீ வீட்டுக்குப் போயும் பதில் சொல்லணும். எனக்கு எங்கம்மாகிட்ட மட்டுந்தான" என்றாய்.

நான் நன்றியோடு இருந்தேன் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பாயா? இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. பாறை ஏறுவதிலும் நீ முதல், பிறருடைய பழியை ஏற்பதிலும் நீ முதல். எனக்கென்று மிச்சம் இருந்தது என் தப்பு ஒன்றுதான். அதையும் நீ எடுத்துக்கொண்டாய்.

இன்னும் கேவலமானதைச் சொல்கிறேன். அதன்பிறகு இரண்டு மூன்று மாதம் யாரும் பாறைப் பக்கம் போகவில்லை. தை மாதம் மறுபடி ஆரம்பித்தபோது சேகரண்ணன், "வானம் எப்படி இருக்கு, போகலாமா?" என்று எனக்கு ஃபோன் செய்தார். உனக்கு அல்ல, எனக்கு. அன்று முழுக்க நான் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தேன். உன் பேரில் நான் வைத்த கறையில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பங்குனியில் நீ ஆபீஸ் மேஜையில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். முப்பத்தெட்டு வயது. உன் வீட்டு வாசலில் எம். புதுப்பட்டியிலிருந்து வந்த பெண்கள் இரண்டு வேன் நிறைய நின்றார்கள். "இடிச் சத்தம் கேட்டா எங்களுக்கு முன்னால அவுக வேர்த்து ஓடி வருவாகளே" என்று ஒருத்தி மண்ணில் புரண்டு அழுதாள். அவளைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவளால் கலப்படமில்லாமல் அழ முடிந்தது.

பையை எடுத்து வந்த அன்று கண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இடி எனக்கும் கேட்டது, உன்னைக் கொத்திப் பேசினேன், அதனால்தான் நீ கயிற்றைப் பிடித்தாய் என்று. அவர் கேட்டுவிட்டு உன் ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"இடிச் சத்தம் கேட்டாலே நூறு பேர வேலைய நிறுத்தி வெளிய கூட்டிட்டு வர்றவுக. அவுக உன்ன மழைக்குள்ள ஏத்தி விடுவாகளா? அன்னைக்கே யாரும் நம்பல."

"அப்ப சேகரண்ணன் அம்புட்டு வஞ்சாரே?"

"அவுகளயா வஞ்சாருன்னு நெனச்ச?" என்றார் கண்ணன். "உன் காதுல விழணும்னுதான் வஞ்சாரு. அது அவுகளுக்கும் புரிஞ்சுச்சு. உனக்குத்தேன் புரியல."

"தை மாசம் எங்கிட்ட வானம் கேட்டாரே?"

"இனிமேயாவது நீ வானத்தப் பாக்கணும்னு கேட்டாரு."

இரண்டு வருடமாக உன் பேரைக் கெடுத்துவிட்டேன் என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். உன் பேரில் தூசிகூட ஒட்டவில்லை. அதைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை. அது இறங்கின இடத்தில் பழைய பொறாமை வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்ததும் உண்மை. பொய் சொல்லிக்கூட உன்னால் கெட்டவளாக முடியவில்லையே, நான் என்ன செய்ய?

ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பாறைக்குப் போயிருந்தபோது, ஏறுவதற்கு முன்னால் சேகரண்ணனையும் ஜெயாவையும் உட்கார வைத்துச் சொன்னேன். "அன்னைக்கு ஏறுவேன்னு அடம் பிடிச்சது நான். அவ வேண்டாம்னுதான் சொன்னா." ஜெயா என் தோளைத் தொட்டாள். சேகரண்ணன், "சரித்தா, விடு. சொல்லிட்டேல்ல" என்றார். என்னைப் பற்றிய பேச்சு அவ்வளவோடு முடிந்தது. அதன்பிறகு ஒரு மணி நேரம் எல்லோரும் உன்னைப் பற்றித்தான் பேசினார்கள். நீ ஏறுவது, நீ சிரிப்பது, ஜெயாவின் கல்யாணத்தில் பந்தி பரிமாறியது, எல்லாம். நான் எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் சுருக்கென்றது.

"அவுகளுக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுல்ல" என்று சேகரண்ணன் முடித்தார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

அது தப்பு என்று எனக்குத் தெரியும். மழையில் நீ என்னைச் சின்னத் திட்டுக்கு இறக்கிய பிறகு, கீழே யாருக்கும் தெரியாத அந்த இடத்தில், என் இடுப்புப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீ விடவே இல்லை. என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "செத்துட்டியோன்னு பயந்துட்டேன்டி, பயந்துட்டேன்டி" என்று நாலைந்து தடவை சொன்னாய். மழைத் தண்ணீர் குளிர்ந்து ஓட, உன் கண்ணீர் மட்டும் என் தோளில் சுட்டது.

அதை அவர்களிடம் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். உன் தைரியத்தை ஊர் வைத்துக்கொள்ளட்டும். உன் பயம் எனக்காக வந்தது. அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது, அதில் யாருக்கும் நான் பங்கு தருவதாக இல்லை.